கடல் கடந்தவரும் கோவில் ஏடும்

நாகை, காரைக்கால் பக்கத்துப் பங்குமனைகளின் வாசலில் எப்போதாவது அயல்நாட்டுக் குடும்பம் ஒன்று வந்து நிற்பதுண்டு. ரெயூனியன், குவாதலூப், தென்னாப்பிரிக்கா என நாடு வேறுபடினும் அவர்கள் கேட்பது ஒன்றே: தங்கள் பாட்டனின் பாட்டன் இவ்வூரில் திருமுழுக்குப் பெற்றவராம், ஏட்டில் அவர் பெயர் இருக்குமா? நிறம் நம் நிறம், முகம் நம் முகம். மொழிதான் பிரெஞ்சு அல்லது ஆங்கிலம்.

உலகின் வேறொரு மூலையில் இக்கேள்விக்கு விடை காணும் வழி நன்கு பழகிப்போனது. போலந்துக்கும் உக்ரைனுக்கும் இடையே இன்று பிரிந்து கிடக்கும் கலீசியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உழவர்கள் திரள்திரளாக அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறினர். அவர்தம் வழித்தோன்றல்கள் மூதாதையரைத் தேடுவது பங்கு ஏடுகளில்தான். பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1784-இல் பிறப்பித்த ஆணையால் அவ்வேடுகள் அரசுப் பதிவேடுகளும் ஆயின. இலத்தீன் மொழியில், கட்டம் கட்டமாக, வீட்டு எண் உட்பட எழுதினர். ஆயரகத்துக்கும் ஒரு படி சென்றது. போரில் கோவில் ஏடு அழிந்தும் படி பிழைத்த ஊர்கள் உண்டு.

நம் காவிரிப் படுகையிலிருந்து சென்றோரைத் தேட வீட்டு எண் கிடையாது. வேறொரு பட்டியல் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து தர்பன் துறையை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டால் நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேருக்கும் ஆளுக்கோர் எண் இட்டனர். எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியன இடம் பெற்றன. தஞ்சை மாவட்டத்தாரும் அவற்றில் உள்ளனர். சாதிக் கட்டத்தில் பலருக்கு எழுத்தர் ‘கிறிஸ்தவர்’ என்றே எழுதிவிட்டார். நேட்டாலின் இந்தியக் கிறிஸ்தவர் பற்றி ஜாய் பிரெய்ன் என்னும் வரலாற்றறிஞர் 1983-இல் தனி நூலே வெளியிட்டார்.

பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்றோரின் வழி காரைக்கால், புதுவை. தஞ்சை மாவட்டத்து ஏழைகள் எல்லை தாண்டிக் காரைக்காலுக்குச் சென்று கப்பலேறினர். 1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தைய நாள், ‘ஒரேலி’ என்னும் கப்பல் நம் மக்களைக் குவாதலூப்பில் முதன்முதலாக இறக்கியது. 1889 வரை அச்சிறு தீவுக்கு மட்டும் 42,000-க்கும் மேற்பட்டோர் சென்றனர். குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்குப் படியெடுத்துத் தாய்நாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்று பிரெஞ்சு அரசு 1776-இல் ஆணையிட்டிருந்தது. காரைக்காலின் பழைய பதிவேடுகளைத் தென்பிரான்சின் எக்ஸ் நகர ஆவணக் காப்பகம் பேணி வருவதற்கு இம்முறையும் ஒரு காரணம்.

தேடுவோரைத் திணற வைப்பது பெயர். நம் முன்னோர் புனிதர் பெயர்களைத் தமிழாக்கி வழங்கினர். இலத்தீனில் எழுதிய குருவானவருக்குப் ‘பேத்ருஸ்’ ஆனவர் ஊருக்கு இராயப்பன், ‘பவுலுஸ்’ சின்னப்பன், ‘யோவான்னஸ்’ அருளப்பன், ‘யோசேப்புஸ்’ சூசை, ‘அலோய்சியுஸ்’ ஞானப்பிரகாசம். கப்பல் எழுத்தரோ காதில் விழுந்ததைத் தம் எழுத்தில் கிறுக்கினார். அந்நிய மண்ணில் அந்த ஒற்றைப் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. இராயப்பனைத் தேடி ஏட்டைப் புரட்டுபவர், பேத்ருஸ் என்ற வரியைத் தாண்டிப்போய், வெறுங்கையோடு விமானம் ஏறிவிடக்கூடும்.

எந்தக் கோவிலின் ஏட்டைக் கேட்பது என்பது அடுத்த சிக்கல். தஞ்சை மறைமாவட்டம் 1952-இல் தோன்றியது. அதற்கு முன் அது மயிலையின் பகுதி. குடந்தை மறைமாவட்டம் 1899-இல் உருவானது. காரைக்கால் புதுவையைச் சேர்ந்தது. நாகையில் 1844-இல் புனித சூசையப்பர் கல்லூரியைத் தொடங்கிய இயேசு சபையார் 1883-இல் அதனைத் திருச்சிக்குக் கொண்டு சென்றனர். போர்த்துகீசிய அரசின் ஆதரவு பெற்ற குருக்களும் உரோமையிலிருந்து நேரே வந்த குருக்களும் அருகருகே பணியாற்றிய காலம் அது. ஊர்ப்பெயர் மட்டும் போதாது, ஆண்டும் தெரிய வேண்டும்.

எல்லாருடைய தேடலும் கோவில் ஏட்டில் முடிவதில்லை. பலர் மாரியம்மனை வணங்கியவராகச் சென்று, தீவில் திருமுழுக்குப் பெற்றனர். நம் ஏட்டில் அவர்களுக்கு வரி இல்லை. ஆயினும் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் இந்திய வழியினர் மாரியம்மனோடு ‘நகூமிலா’ என்றொருவரையும் போற்றி, அவருக்குக் கொடிமரம் நாட்டுகின்றனர். அவர் வேறு யாருமல்லர், கடலில் செல்வோரைக் காப்பவரென்று நம் பக்கத்தார் நேர்ந்துகொள்ளும் நாகூர் மீரானே. ஏடு சொல்லாத ஊரை நேர்த்திக்கடன் சொல்லுகிறது.

தஞ்சைத் தரணியின் நிலப்பதிவுகள் மிராசுதாரரின் பெயரை எழுதின. கல்வெட்டுகள் கொடையாளரின் பெயரைப் பொறித்தன. நட்டு அறுத்த பண்ணையாளின் பெயருக்கு இரண்டிலும் இடம் அரிது. அவரைத் தாய், தந்தை, ஞானப்பெற்றோர் ஆகியோருடன் சேர்த்து எழுதிய தாள், அவர் கத்தோலிக்கராயின், பெரும்பாலும் திருமுழுக்கு ஏடு ஒன்றே. மற்றொன்று அவரைக் கூலியாக ஏற்றிச்சென்ற கப்பலின் பட்டியல்.

அந்தத் திருமுழுக்கு ஏட்டில் சிலவிடங்களில் சாதிப்பெயரும் இருக்கும். கப்பல் எழுத்தர் ‘கிறிஸ்தவர்’ என்று நிறுத்திக்கொண்ட இடத்தில் நம்மவர் நிறுத்தவில்லை. ஒரு காலத்தில் நம் கோவில்கள் பலவற்றில் சாதிவாரியாகவே இடம் பிரித்திருந்தனர். ஐந்து தலைமுறையாக அதை அறியாமல் வாழ்ந்தவர் வந்து கேட்கும்போது அச்சொல்லை வாசித்துக் காட்டுவதா, விரலால் மறைத்துக்கொள்வதா? வாசிக்கவே வேண்டும் என்பது நம் கருத்து. வெட்கப்பட வேண்டியவர், எழுதியவர் வழிவந்த நாம்.

இதுவரை அவர்கள்தாம் நம்மைத் தேடி வந்துள்ளனர். நாமும் மறுமுனையிலிருந்து ஏட்டைப் படிக்கலாம். திருமுழுக்கு ஏட்டில் உள்ள ஒரு பெயர் திருமண ஏட்டிலும் இராது, அடக்க ஏட்டிலும் இராது. கொள்ளைநோய் கொண்டுபோயிருந்தால் அடக்க ஏடு சொல்லியிருக்கும். திருமணம் எங்கு நடப்பினும் திருமுழுக்கு வரியின் ஓரத்தில் அதனைக் குறிக்க வேண்டும் என்ற விதி 1908-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சென்றவர்களுக்கு ஓரம் வெறுமையே. இவ்வாறு மறைந்த பெயர்களை ஊர்வாரியாகத் திரட்டி, தந்தை பெயரோடும் ஊர்ப்பெயரோடும் நேட்டால் பட்டியலுடன் ஒப்பிட்டால் சில இணைகளேனும் அகப்படும்.

நாகைக் கரை 2004-இல் ஆழிப்பேரலையையும் 2018-இல் கஜா புயலையும் கண்டது. செல்லரிக்கப் புயல்கூட வேண்டியதில்லை, பூட்டிய அலமாரி போதும். பங்கு இளைஞர் இருவர், படம் எடுக்க ஒரு கைபேசி, இலத்தீன் மறவாத முதிய குருவானவர் ஒருவர், ஒரு கோடை விடுமுறை. ஐப்பசி மழைக்கு முன் ஒரு பங்கின் ஏடுகளைப் படியெடுத்துவிடலாம்.