பொருந்தாத எண்: பழைய மசில் கார்களும் மாற்று எஞ்சின் என்னும் வரலாற்றுச் சிக்கலும்

அமெரிக்காவின் பழங்கார்ச் சந்தையில் ஒருவகை விளம்பரம் அடிக்கடி தென்படும். 1969ஆம் ஆண்டுச் செவ்ரோலே கமாரோ. கூடு நன்றாக உள்ளது. ஆவணங்கள் ஓரளவு உள்ளன. முதலில் இருந்த எஞ்சின் இல்லை. அதை வாங்க எண்ணுபவர் எந்த எஞ்சினைத் தேடிப் பொருத்துவது? இது பொறியியல் கேள்வியாகத் தோன்றும். ஆனால் மூலம் எது, படி எது, போலி எது என்று கேட்டுப் பழகிய வரலாற்று மாணவருக்கு இது தம் துறைக் கேள்வி என்பது சற்று நின்று பார்த்தால் விளங்கும். பொருள்சார் பண்பாட்டு வரலாறு பயிலும் மாணவ நண்பர்களுக்கு இது பயன்படலாம் என்பதால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

மசில் கார் என்ற வகையே ஓர் எஞ்சின் இடமாற்றத்தில் பிறந்தது. 1963இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை, தன் பிரிவுகள் கார்ப் பந்தயங்களில் ஈடுபடுவதைத் தடை செய்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற உள்விதியும் இருந்தது. போண்டியாக் பிரிவின் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவர் குழுவினரும் அவ்விதியில் ஒரு சந்து கண்டனர். பெரிய கார்களுக்குரிய 389 கன அங்குல எஞ்சினை நடுத்தரக் காரான டெம்பெஸ்டில் வைத்து, அதைத் தனிக் காராக அல்லாமல், வாடிக்கையாளர் விரும்பினால் கூடுதல் விலைக்குப் பெறும் ஓர் இணைப்பாக அறிவித்தனர். 1964ஆம் ஆண்டின் ஜி.டி.ஓ. இவ்வாறுதான் வந்தது. அந்த முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. எளிய கூடு, அதற்கு மிஞ்சிய எஞ்சின், இளைஞர் கைக்கு எட்டும் விலை என்ற இலக்கணம் அங்கே உருவாயிற்று.

தொழிற்சாலை செய்ததை முகவர்களும் செய்தனர். பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க் நகரில் செவ்ரோலே முகவராக இருந்த டான் யென்கோ, 1967இல் புத்தம்புதுக் கமாரோக்களில் தொழிற்சாலை வைத்த 396 கன அங்குல எஞ்சினைக் கழற்றிவிட்டு 427 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி விற்றார். இன்று ஏலங்களில் பெருவிலை போகும் அக்கார்களின் மதிப்பு, அவற்றில் பிறப்பு எஞ்சின் இல்லை என்பதிலேயே அடங்கியிருக்கிறது. மாற்றம் என்பது எப்போதும் இழப்பு என்று கொள்வோர் இவ்விடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்துவதே இத்தொழிலின் அடிப்படைப் பெருமையாக இருந்தது. 1908இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மூன்று காடிலாக் கார்களைப் பிரித்து, உறுப்புகளைக் கலந்துவிட்டு, மீண்டும் மூன்று கார்களாகக் கோத்து ஓட்டிக்காட்டினர். அதற்காக அந்நிறுவனம் டியூவர் கோப்பை பெற்றது. செவ்ரோலே 1955இல் அறிமுகப்படுத்திய சிறு வி-8 குடும்பமும் அந்த மரபின் வழித்தோன்றல்தான். 265 கன அங்குலத்தில் தொடங்கி 283, 327, 350 என வளர்ந்தபோதும் அதன் புற அளவுகள் ஏறத்தாழ மாறவில்லை. ஒன்றை எடுத்த இடத்தில் இன்னொன்று அமரும். செய்தவர்களுக்கு எஞ்சின் காரின் உயிர் அன்று. தேய்ந்தால் மாற்றத்தக்க உறுப்பு.

பயன்படுத்தியவர்களும் அவ்வாறே கருதினர். கால் மைல் நேர்ப்பந்தயத்தில் வார இறுதிதோறும் விரட்டப்பட்ட எஞ்சின்களில் பல உடைந்தன. உத்தரவாதக் காலத்திற்குள் பழுதானவற்றுக்குச் செவ்ரோலே நிறுவனமே மாற்று பிளாக் வழங்கியது. அறுபதுகளின் இறுதியிலிருந்து அத்தகைய பிளாக்குகளில் வழக்கமான குறிகளுக்குப் பதிலாக 'சி.இ.' என்ற எழுத்துகளும் ஒரு வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டன. பின்னர் இவ்வகைக் கார்களின் காலமே முடிந்தது. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக்கு வரம்பு கட்டியது. 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டது. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. அதன்பின் இவை எரிபொருள் குடிக்கும் மலிவுப் பழைய கார்களாயின. எஞ்சின்கள் கழற்றப்பட்டு வேறு கார்களுக்கும் படகுகளுக்கும் சென்றன. இன்று எஞ்சின் இன்றி விற்பனைக்கு வரும் கூடுகள் பலவும் அந்த ஆண்டுகளின் எச்சங்களே.

இனி எண்ணின் கதை. காரின் அடையாள எண் சேகரிப்பாளருக்காகத் தோன்றியதன்று. திருடனைப் பிடிக்கவும் கணக்கு வைக்கவும் தோன்றியது. திருடிய காரை மாநில எல்லை கடத்துவதைக் கூட்டரசுக் குற்றமாக்கிய டயர் சட்டம் 1919இல் வந்தது. காரின் எண் கண்ணாடி வழியே வெளியிலிருந்து தெரிய வேண்டும் என்ற கூட்டரசு விதி 1969 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 1968 மாடல் ஆண்டளவில், காரின் எண்ணில் ஒரு பகுதியை எஞ்சினிலும் கியர்பெட்டியிலும் பொறிப்பது ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பொது வழக்கமாயிற்று. காவல்துறைக்கான அந்தக் குறியே இன்று 'எண் பொருந்திய கார்' என்ற தகுதிக்குச் சான்றாகிவிட்டது.

செவ்ரோலே பிளாக் ஒன்றை வாசிப்பது கல்வெட்டு வாசிப்பதைப் போன்றது. வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் வார்ப்பு எண், பிளாக்கின் வகையைச் சொல்லும். அருகே வார்ப்புத் தேதி: 'ஏ' முதல் 'எல்' வரை மாதத்தைக் குறிக்கும் எழுத்து, பின் நாள், பின் ஆண்டின் கடைசி இலக்கம். எஞ்சின் கோக்கப்பட்ட பின் முகப்பில் பொறித்த வரி, இடத்தையும் தேதியையும் எந்தக் காருக்கான எஞ்சின் என்பதையும் சொல்லும். 'டி' என்றால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா, 'வி' என்றால் மிச்சிகனின் ஃபிளின்ட். இறுதியில் காரின் எண் பகுதி. வார்ப்பு முந்தியும், கோப்பு அதற்குப் பிந்தியும், கார் உருவான நாள் அதற்கும் பிந்தியும் இருக்க வேண்டும். இவ்வரிசை பிறழ்ந்தால் எங்கோ பொய் இருக்கிறது.

பொய்க்குக் காரணமும் உண்டு. மசில் கார்கள் சேகரிப்புப் பொருளாகி விலை ஏறியபோது, பிறப்பு எஞ்சின் உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் இடையே பெரும் விலை வேறுபாடு உருவாயிற்று. வேறொரு பிளாக்கின் முகப்பைச் சீவிவிட்டு, வேண்டிய எண்களைப் பொறிக்கும் தொழில் அதன் நிழலில் வளர்ந்தது. தேர்ந்தவர்கள் எழுத்தின் வடிவத்தையும் வரியின் ஒழுங்கையும் பார்ப்பார்கள். தொழிற்சாலையின் வெட்டுக்கருவி முகப்பில் விட்டுச்சென்ற நுண்கோடுகள் உள்ளனவா என்றும் பார்ப்பார்கள். நிலவுரிமைக்காகப் பிற்காலத்தில் புனையப்பட்ட செப்பேடுகளை எழுத்தமைதி கொண்டு அறிஞர்கள் அடையாளம் கண்ட முறையும் இதுவே. ஆவணத்திற்கு விலை ஏறும் இடத்தில் போலி ஆவணம் முளைக்கும்.

உலோகத்தை மட்டும் நம்ப முடியாதபோது காகிதம் வேண்டும். இங்கே காப்பகங்களின் சமமின்மை தெரிகிறது. போண்டியாக் கார்களின் தொழிற்சாலைப் பதிவுகள் பெருமளவு எஞ்சியுள்ளன. படி கேட்டுப் பெறலாம். ஃபோர்டு கார்களுக்கு 1967 முதலான தரவுத்தளம் உண்டு. ஆனால் அமெரிக்காவில் விற்ற செவ்ரோலே கார்களுக்கு அத்தகைய முழுப் பதிவு இல்லை. இருக்கைக்கு அடியிலோ எரிபொருள் தொட்டியின் மேலோ தொழிலாளர் விட்டுச்சென்ற உற்பத்தித் தாள் தற்செயலாகக் கிடைத்தால் உண்டு. உரிமையாளருக்கு அளித்த சிறு உலோக உத்தரவாதத் தகடு தப்பியிருந்தால் உண்டு. கமாரோவில் பிளாக்கின் முகப்பு இத்தனை கனத்தைச் சுமப்பதற்கு இந்த இடைவெளியே காரணம்.

ஆகவே எஞ்சினற்ற கமாரோவை வாங்குபவர் முன் நான்கு வழிகள் உள்ளன. தொழிற்சாலையிலிருந்து பெட்டியில் வரும் புதிய எஞ்சினைப் பொருத்தி நிம்மதியாக ஓட்டலாம். உத்தரவாத மாற்றாக வந்த 'சி.இ.' பிளாக் ஒன்றைத் தேடலாம். வார்ப்பு எண்ணும் தேதியும் காரின் காலத்திற்கு ஒத்துவரும் பிளாக்கைத் தேடி, அதன் எண்ணை அப்படியே விட்டுவைக்கலாம். அல்லது அதன் முகப்பைச் சீவிப் புதிய எண் பொறிக்கலாம். முதல் மூன்றும் காரின் வரலாற்றில் ஒரு பக்கத்தைச் சேர்ப்பவை. நான்காவது இரண்டு வரலாறுகளை ஒருசேர அழிக்கிறது: இந்தக் கார் தன் எஞ்சினை இழந்த கதையையும், அந்த பிளாக் வேறொரு காரில் இருந்த கதையையும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியதும் இதிலிருந்தே தெளிவாகும். எஞ்சினைவிடக் கூடு முக்கியம். எஞ்சின் வெளியே கிடைக்கும், துருவேறிய அடித்தளத்தை மீட்பது கடினம். கண்ணாடிக்கு அருகே உள்ள எண் தகடு தீண்டப்படாமல் இருக்க வேண்டும். அதைச் சிதைப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். விற்பவர் 'எண் பொருந்தும்' என்று சொன்னால், எந்த எண் எதனோடு பொருந்துகிறது என்று கேட்க வேண்டும். வார்ப்பு எண் சரியாக இருப்பதையே பலர் அச்சொல்லால் குறிப்பார்கள். ஆனால் ஒரே வார்ப்பு எண் எத்தனையோ பிளாக்குகளில் இருக்கும்.

நம் கோயில்களில் திருப்பணியின்போது பழைய சுவரைப் பிரித்தவர்கள், அதிலிருந்த கல்வெட்டைப் புதுச் சுவரில் வெட்டி, 'இது பழங்கல்படி' என்று குறித்த வழக்கம் உண்டு. மூலம் போய்விட்டது, இது படி என்று அந்தக் கல்லே சொல்கிறது. அதனால் அதன் சான்றுமதிப்பு குறையவில்லை. பெயர்த்தெழுதிய செய்தியும் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. 'சி.இ.' என்ற இரண்டு எழுத்துகளையும் நான் அவ்வாறே வாசிக்கிறேன். ஓர் இளைஞர் எஞ்சினை உடைத்ததும், நிறுவனம் அதை மாற்றிக்கொடுத்ததும், கார் மேலும் ஓடியதும் அதில் பதிவாகியிருக்கின்றன. சந்தை அதைக் குறையாக விலையிடலாம். வாங்குபவர் அதைச் சீவிவிடாமல் இருந்தால், அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு வாசிக்க ஏதேனும் மிஞ்சும்.