ம்பாரி: கரையவிட்ட வீடு

நவீன ஓவியத்தில் ஆப்பிரிக்காவின் பங்கு என்றதும் பிக்காஸோ பார்த்த முகமூடிகளைச் சொல்லி முடித்துவிடுவது நம் விமர்சன வழக்கம். ஆப்பிரிக்கன் அங்கே கச்சாப் பொருள் தருபவன், அவ்வளவே. இதற்கு நேர்மாறான ஒரு சரித்திரம் 1961-ல் நைஜீரியாவின் இபதான் நகரில், லெபனான்காரர் நடத்திவந்த ஒரு பழைய உணவு விடுதியில் தொடங்கியது.

சோயிங்கா, அச்செபே, கவிஞர் ஒகிக்போ, ஓவியர்கள் உச்சே ஒகேகே, டெமஸ் ந்வோகோ ஆகியோரும், 1957-ல் ‘பிளாக் ஆர்ஃபியஸ்’ பத்திரிகையைத் தொடங்கிய ஜெர்மானியர் உல்லி பையரும் சேர்ந்து அமைத்த மன்றம் அது. ‘ம்பாரி’ என்று பெயர் சொன்னவர் அச்செபே. இக்போ மக்கள் பூமித்தாய் அலாவுக்கு எழுப்பும் மண் வீடு ம்பாரி. வேலி மறைவில் மாதக்கணக்கில் மண் பிசைந்து தெய்வங்களை, மிருகங்களை, வெள்ளைக்கார அதிகாரியைக்கூட உருவாக்குவார்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு பராமரிப்பதில்லை. மழை கரைத்துக்கொண்டு போகும். செய்வதுதான் வழிபாடு; செய்த பொருள் அல்ல.

ஒகேகே 1960-லேயே, ஜாரியாவில் மாணவராக இருந்தபோது, ஐரோப்பாவை நகலெடுப்பதும் பழைய ஆப்பிரிக்காவை நகலெடுப்பதும் ஒன்றே என்ற நிலைக்கு வந்திருந்தார். சூடானின் எல்-ஸலாஹி மன்றத்தில் படங்களைக் காட்டினார். அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் 1962-ல் வந்தார். 1964-ல் மறுபடி வந்து சுமார் 8 மாதங்கள் தங்கினார். ‘ம்பாரிக்குப் போகும் தெரு’ என்ற அவர் படத்தில் மன்றத்தைவிடக் கடைத்தெருதான் முக்கியம். தகரக் கூரைகளுக்கிடையே நெருக்கியடிக்கும் ஜனம், துணி, சுமை. பரிமாற்றம் என்றால் இதுதான். வந்தவர் கற்பிக்க வரவில்லை.

பணம் கலாச்சாரச் சுதந்திரக் காங்கிரஸிலிருந்து வந்தது. அதன் பின்னால் சி.ஐ.ஏ. இருந்தது 1966-67-ல் அம்பலமாயிற்று. (பம்பாயில் 1955-ல் எஸெக்கியேல் ஆசிரியராகத் தொடங்கிய ‘க்வெஸ்ட்’டும் இதே குடையின் கீழ்தான்.) இதைக் கொண்டு எல்லாவற்றையும் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் 1962-ல் மன்றம் வெளியிட்ட ஒகிக்போவின் கவிதைகளில் வாஷிங்டனுக்கு உபயோகமானது எது? கொடுத்தவர்களுக்குச் சுதந்திரத்தின் தோற்றம் போதுமாயிருந்தது. வாங்கியவர்கள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1967-ல் உள்நாட்டுப் போர். ஒகிக்போ பியாஃப்ரா தரப்பில் போரிட்டு மாண்டார். வட்டம் சிதறியது.

2022-ல் நார்ஃபோக்கிலுள்ள கிறைஸ்லர் மியூசியத்தில் இரண்டு க்யூரேட்டர்கள், லாரன்ஸின் நைஜீரியப் படங்களையும் ம்பாரிக்காரர்களின் படங்களையும் ‘பிளாக் ஆர்ஃபியஸ்’ இதழ்களையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்துக் காட்டினார்கள். மழைக்கென்று விட்டது கண்ணாடிக்குள் வந்தாயிற்று. இபதானில் உருவானதைத் தேடுகிறவர் இன்று அமெரிக்க மியூசியங்களுக்கும், பையர் 1981-ல் ஜெர்மனியின் பைராய்ட்டில் நிறுவிய இவலேவாஹவுஸுக்கும் போக வேண்டியிருக்கிறது.