உடன்குடிக் கருப்பட்டி (வணிகப்பெயர்)

உடன்குடிக் கருப்பட்டி என்பது தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள உடன்குடிப் பகுதியில் பதநீரைக் காய்ச்சிச் செய்யப்படும் பனைவெல்லம் ஆகும். தனி நிறுவனம் எதற்கும் உரியதாக இல்லாமல், ஊரின் பெயரே வணிகப்பெயராக நிலைபெற்றமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும். 2023ஆம் ஆண்டில் 'உடன்குடி பனங்கருப்பட்டி' என்னும் பெயரில் புவிசார் குறியீடு பெற்றது.

பெயர் பரவிய விதம்

திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு எனக் கடலோர ஊர்கள் அமைந்துள்ளன. இவற்றுக்கு உட்புறமாகச் செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் உள்ளன. அப்பகுதியின் வணிக ஊர் உடன்குடி. சுற்றியுள்ள சிற்றூர்களில் காய்ச்சிய கருப்பட்டியும் உடன்குடியின் பெயராலேயே அறியப்படலாயிற்று. திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கும் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கும் வருவோர் ஊர் திரும்பும்போது இதனை வாங்கிச் செல்வதுண்டு. விளம்பரம் செய்யாமலேயே பெயர் வெளியூர்களுக்குச் சென்றது இவ்வாறுதான் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குலசேகரன்பட்டினத்தில் பாரி நிறுவனம் சார்ந்த சர்க்கரை ஆலை ஒன்று இயங்கியது. கருப்பட்டியிலிருந்து அங்கே சர்க்கரை எடுக்கப்பட்டது. ஆலையின் தேவைக்கென அமைந்த சிறு இருப்புப்பாதை திருச்செந்தூரையும் திசையன்விளையையும் உடன்குடி வழியாக இணைத்தது. 1940இல் அது மூடப்பட்டது. அன்று கருப்பட்டி சர்க்கரையாயிற்று. இன்று சர்க்கரை கருப்பட்டியாக்கப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

செய்முறை

பனையின் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கப்படுகிறது. சுண்ணாம்பு இல்லையெனில் அது புளித்துக் கள்ளாகிவிடும். வடிகட்டிய பதநீரைப் பாகு பதம் வரும்வரை காய்ச்சித் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவர். கருப்பட்டியின் அரைக்கோள வடிவம் சிரட்டையால் வந்ததாகும். சுக்கு, மிளகு முதலியன சேர்த்துச் செய்வது சுக்குக் கருப்பட்டி. பதம் பார்ப்பது கைப்பழக்கத்தையே சார்ந்தது. பாகு முற்றினால் கருகும், முற்றாவிட்டால் இறுகாது.

கலப்படமும் வாடிக்கையாளர் நம்பிக்கையும்

பதநீர் பருவகாலத்தில் மட்டுமே கிடைக்கும். நாள்தோறும் மரமேற வேண்டியிருப்பதால் கூலிச்செலவும் மிகுதி. எனவே பாகில் மலிவான கரும்புச் சர்க்கரையைக் கலந்து, அதே சிரட்டையில் வார்த்து, அதே பெயரில் விற்பது நடைபெறுகிறது. வடிவமும் நிறமும் ஒத்திருப்பதால் வாங்குவோரால் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை. பதநீரில் உள்ள இனிப்பும் பெரும்பாலும் சுக்குரோசே என்பதால், இனிப்பின் வகையைக் காட்டும் எளிய வேதிச்சோதனையும் இதற்கு உதவாது. ஆனால் பனையும் கரும்பும் ஒளிச்சேர்க்கை முறையில் வேறுபட்டவை. ஆகவே கரிம ஓரிடத்தான்களின் விகிதத்தைக் கொண்டு கலப்பைக் கண்டறிய இயலும். தேனில் கலந்த கரும்புச் சர்க்கரை இம்முறையில் கண்டறியப்படுகிறது. கருப்பட்டி வாங்கும் ஒருவர் வீட்டில் செய்துபார்க்கக்கூடிய சோதனை அன்று இது.

ஆகையால் வாங்குவோர் நம்புவது பெயரையும் தெரிந்த கடைக்காரரையுமே. ஒரு நிறுவனத்தின் பொருள் தரம் குறைந்தால் இழப்பு அந்நிறுவனத்துக்கு. ஊர்ப்பெயரிலோ ஒருவர் செய்யும் கலப்படத்தால் கலப்படமின்றிக் காய்ச்சும் அனைவரும் விலை இழக்கின்றனர். பொதுப்பெயரின் வலிமையும் குறைபாடும் இதுவே.

சட்டப் பாதுகாப்பு

இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் பதிவகம் சென்னையில் உள்ளது. வணிகச் சின்னத்தை விற்கலாம், பிறருக்கு உரிமம் அளிக்கலாம்; புவிசார் குறியீட்டை அவ்வாறு கைமாற்ற இயலாது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். இதே மாவட்டத்தின் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும், ஆத்தூர் வெற்றிலை 2023இலும் இக்குறியீட்டைப் பெற்றன.

குறியீடு பெற்றதனால் மட்டும் கலப்படம் நின்றுவிடாது. உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' எனத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பெயரைத் தவறாகப் பயன்படுத்துவோர் மீது வழக்குத் தொடரும் பொறுப்பும் பெரும்பாலும் பதிவு செய்தவர்களையே சாரும். பருவத்தில் விடியுமுன் மரமேறும் பனையேறிகளுக்கும் சிறு குடும்பங்களாகக் காய்ச்சுவோருக்கும் இவை எளிய பணிகள் அல்ல.