சரளைப்பாதை மிதிவண்டி ஓட்டம்

சரளைப்பாதை மிதிவண்டி ஓட்டம் என்பது தார் போடப்படாத சரளைச் சாலைகள், வண்டிப்பாதைகள், ஏரிக்கரைகள், ஆற்றங்கரைகள், கால்வாய்க் கரைகள் ஆகியவற்றின் வழியே நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டிச் செல்வதாகும். இது சாலைப் பந்தய ஓட்டத்துக்கும் மலைப்பாதை ஓட்டத்துக்கும் இடைப்பட்டது. 21 ஆம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இது தனி விளையாட்டாக உருப்பெற்றது. பிரான்சின் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் இதற்குப் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டில் இத்தகைய ஓட்டத்துக்கு ஏற்ற நிலப்பகுதிகளுள் ஒன்று, பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து வடசென்னையின் எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கொசத்தலை ஆற்றுச் சமவெளி ஆகும். எனினும் அதன் கடைப்பகுதியில், அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும் அமைந்த இடத்தில், கரைப்பாதை துண்டு துண்டாகிவிட்டது.

பெயர்

ஆங்கிலத்தில் இவ்வோட்டம் 'கிராவல்' என்ற சொல்லால் குறிக்கப்படுகிறது. இச்சொல் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. வீடு கட்டியவர் எவரும் 'கிராவல் மண்' என்பதை அறிவர். சிறுகற்களும் செம்மண்ணும் கலந்த இம்மண், மனையை மேடாக்கவும் சாலைக்கு அடித்தளம் போடவும் பயன்படுகிறது. தார் வந்து சேராத ஊர்ச் சாலைகளில் அதுவே மேற்பரப்பாகவும் இருந்துவிடுகிறது. கோணல் கற்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்க, களிமண் அவற்றைப் பற்றிக்கொள்வதால் நல்ல சரளை, சக்கரத்தின் அடியில் நழுவுவதில்லை. உருண்டையான கூழாங்கல்லோ, பற்றுமண் இல்லாத வெறும் மணலோ இவ்வாறு நிற்காது.

வண்டியின் அமைப்பு

சரளைப்பாதை மிதிவண்டி, பந்தய வண்டியைப் போலக் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும் அதைவிட அகலமான டயர்களும் கொண்டது. டயரின் அகலம் பொதுவாக 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். காற்றழுத்தம் குறைவாகவே வைக்கப்படுகிறது. கெட்டியாகக் காற்றடித்த டயர் ஒவ்வொரு கல்லின் மீதும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. தளர்ந்த டயரோ கல்லைச் சுற்றி மடங்கிக்கொள்கிறது. குலுக்கலில் வீணாகும் ஆற்றல் மிச்சமாவதால், கரடான பாதையில் மென்மையான டயரே விரைவாக ஓடும்.

டிசுக் பிரேக்குகள், ஏற்றத்துக்கு ஏற்ற தாழ்ந்த கியர்கள், சற்று நீண்ட சட்டகம் ஆகியன பிற இயல்புகள். பல வண்டிகளில் டியூப் இல்லாத டயருக்குள் இரப்பர்ப்பால் கலந்த நீர்மம் ஊற்றப்படுகிறது. முள் குத்திய துளையை இது தானே அடைத்துவிடும். சீமைக் கருவேலமும் நெருஞ்சியும் மண்டிய தமிழ்நாட்டுக் கரைகளில் மற்ற எந்த வசதியையும் விட இது முதன்மையானது.

இந்தியாவில் பல தலைமுறைகளாக ஓடிய கருப்பு நிற மிதிவண்டியின் டயர் 28 × 1½ அங்குல அளவுடையது. அதன் அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். அதாவது இன்றைய சரளைப்பாதை வண்டியின் டயரும் பால்காரரின் வண்டி டயரும் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றே. இவ்வகை வண்டிகளை எர்க்குலிசு என்ற பெயரில் உற்பத்தி செய்த டி.ஐ. சைக்கிள்சு நிறுவனம் 1949 ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த அம்பத்தூரில் நிறுவப்பட்டது. வேறுபாடு எடையிலும் கியரிலும் பிரேக்கிலும்தான் உள்ளது. அவ்வண்டிகளில் கியர் ஒன்றே; கம்பி பிரேக் மழையில் பிடிப்பதில்லை.

வரலாறு

தார்ச்சாலைகள் பரவுவதற்கு முன் மிதிவண்டி ஓட்டம் முழுவதுமே சரளைப்பாதை ஓட்டமாக இருந்தது. 'வெலோசியோ' என்ற புனைபெயரால் அறியப்பட்ட பிரெஞ்சுக்காரர் பால் டி விவீ (1853–1930), செந்த் எத்தியென் நகரிலிருந்து நடத்திய இதழின் வழியாக, கியர்கள் உள்ள வண்டியில் தொலைதூரம் செல்வதைப் பரப்பினார். இங்கிலாந்தில் கரடுமுரடான பாதைகளை நாடும் மிதிவண்டிக்காரர்களுக்கென ஒரு சங்கம் 1955 இல் தோன்றியது. 2006 இல் கன்சாசு மாநிலத்தின் எம்போரியா நகரில் தொடங்கிய 200 மைல் பந்தயம் இவ்விளையாட்டுக்குப் புத்துயிர் அளித்தது. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் முதல் சரளைப்பாதை உலகப் போட்டி 2022 இல் இத்தாலியில் நடைபெற்றது.

பிரெஞ்சு ஆற்றுப் பள்ளத்தாக்குகள்

பிரான்சில் படகுகளைக் குதிரைகளும் மனிதரும் கயிறு கட்டி இழுத்துச் சென்ற கரைப்பாதைகள் இன்று மிதிவண்டிகளுக்குப் பயன்படுகின்றன. லுவார் ஆற்றை ஒட்டிய மிதிவண்டி வழி ஏறத்தாழ 900 கிமீ நீளமுடையது. இது தற்செயலாக அமைந்ததன்று. பொது நீர்வழிகளின் கரையில் நிலம் உடையவர், கரையோரமாக 3.25 மீட்டர் அகலத்தை நடப்பவர்களுக்காக வேலியின்றி விட வேண்டும் என்று பிரெஞ்சுச் சட்டம் கூறுகிறது. படகு இழுக்கும் பாதை உள்ள பக்கத்தில் இந்த அகலம் 7.80 மீட்டர். படகு இழுப்பது நின்றுபோன பின்னும் பாதை மிஞ்சியதற்கு இது ஒரு காரணம்.

கொசத்தலை ஆற்றுச் சமவெளி

கொற்றலை ஆறு என்றும் அழைக்கப்படும் கொசத்தலை ஆறு, திருவள்ளூர் மாவட்டத்தின் வழியே ஓடி எண்ணூரில் வங்காள விரிகுடாவில் கலக்கிறது. இதன் குறுக்கே 1944 இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்கு, அதற்குக் காரணமாக இருந்த சென்னை மாநகர மேயர் சத்தியமூர்த்தியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பூண்டிக்குக் கீழே தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, காரனோடை, வல்லூர் அணைக்கட்டு, நாப்பாளையம் எனச் சென்று ஆறு கழிமுகத்தை அடைகிறது.

இப்பள்ளத்தாக்கின் சரளை உலகப் புகழ் பெற்றது. பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863 இல் இராபர்ட் புரூசு புட், வில்லியம் கிங் ஆகிய நிலவியலாளர்கள் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தனர். சாந்தி பப்பு குழுவினரின் அகழாய்வின்படி, இங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை (2011). குவார்ட்சைட்டுக் கற்களாலான இவை, ஆறும் ஓடைகளும் கொணர்ந்து படிய வைத்த சரளையிலும் களிமண்ணிலும் புதைந்திருந்தன. தொல்பழங்கால அருங்காட்சியகம் ஒன்று பூண்டியில் உள்ளது. செம்மண் பாதை வழியே செல்லக்கூடிய குடியம் குகைகளும் அண்மையில் உள்ளன.

பூண்டி முதல் காரனோடை வரையிலான பகுதியில் ஏரிக்கரைகள், வாய்க்கால் கரைகள், நெல்வயல்களுக்கு இடையிலான சரளைச் சாலைகள் மிகுதி. ஆண்டின் பெரும்பகுதியில் ஆறு வறண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூண்டியின் மதகுகள் திறக்கப்படும்போது தரைப்பாலங்கள் மூழ்கிப் போக்குவரத்து நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை செல்வோர் நீர் திறப்பு அறிவிப்பைப் பார்த்த பின்னரே புறப்படுதல் வேண்டும். மழை ஓய்ந்த சனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். எண்ணூரை நோக்கிச் செல்பவருக்கு அது எதிர்க்காற்று. விடியலில் புறப்படுபவர் இத்தொல்லையிலிருந்து தப்புவர்.

மணல் அள்ளப்பட்டதால் ஆற்றுப்படுகை பல இடங்களில் பள்ளமாகியுள்ளது. சென்னைக் குடிநீருக்காக நிலத்தடி நீர் பல ஆண்டுகள் இறைக்கப்பட்டதன் விளைவாக மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகளில் கடல்நீர் புகுந்தது.

எண்ணூரும் கழிமுகமும்

ஆறு கழிமுகத்தை நெருங்கும்போது நிலம் முற்றிலும் மாறுகிறது. உப்பளங்கள், அலையாத்திச் செடிகள், பக்கிங்காம் கால்வாய், மீனவர் குப்பங்கள் ஆகியவற்றின் நடுவே வட சென்னை அனல் மின் நிலையம் (1994 முதல்), 2001 இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் (இன்று காமராசர்) துறைமுகம், வல்லூர் அனல் மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகியவை அமைந்துள்ளன. 450 மெகாவாட் திறன் கொண்டிருந்த பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 இல் மூடப்பட்டது.

நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் கொண்டு செல்லும் குழாய்களில் ஏற்பட்ட கசிவுகளால், உப்பங்கழியின் அடியில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர்களும் படகு செலுத்தும் மீனவர்களும் இதனால் பிழைப்பை இழந்து வருகின்றனர். கரையில் படிந்த சாம்பல், சரளைக்கு நேர் எதிரான பொருளாகும். நுண்ணிய உருண்டைத் துகள்களாலானதால் அதற்குப் பிணைப்பு இல்லை. காய்ந்தால் காற்றில் பறக்கும். நனைந்தால் சக்கரம் விளிம்பு வரை புதையும். 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தை அடைந்து படகுகளிலும் வலைகளிலும் வீடுகளிலும் ஒட்டியது.

ஆற்றங்கரையும் ஏரிக்கரையும் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் புறம்போக்கு எனக் குறிக்கப்படுபவை. அனைவருக்கும் பொதுவான நிலம் என்ற பொருளுடைய அச்சொல் பேச்சுவழக்கில் வசைச்சொல்லாகிவிட்டது. எண்ணூர்க் கழிமுகத்தின் நிலையை எடுத்துக்கூறி 2017 இல் டி. எம். கிருட்டிணா பாடி வெளிவந்த 'சென்னைப் பொறம்போக்கு பாடல்' இம்முரண்பாட்டையே பொருளாகக் கொண்டது. இங்கு மதில்களும் குழாய்த் தொடர்களும் குறுக்கிடும் இடங்களில், மீனவர்கள் நடந்த பாதைகளே முதலில் அறுபட்டன.

கரைப்பாதை அறுபட்ட இடத்தில் மிதிவண்டிகள் நெடுஞ்சாலைக்குத் திரும்ப வேண்டியுள்ளது. எண்ணூர் விரைவுச்சாலையும் மணலிச் சாலையும் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் நிறைந்தவை. திருவொற்றியூர், இராயபுரம் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்கு மிதிவண்டியில் செல்வோருக்கும் இச்சாலைகளே வழி. விளையாட்டாக வருபவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வேலைக்குச் செல்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தமிழ்நாட்டில் அன்றாடப் பயன்பாடு

சரளைப்பாதையில் மிதிவண்டி ஓட்டுவது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பொழுதுபோக்காகக் கருதப்படுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டனர். கல்குவாரித் தொழிலாளர்களும் செவிலியரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிச் சென்றவை பெரும்பாலும் தார் இல்லாத பாதைகளே. அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டிகளும் இத்தகைய பாதைகளில்தான் பெரிதும் ஓடுகின்றன.