திண்ணையிலிருந்து கைப்பேசிக்கு: நம் வட்டாரத்தில் வீடியோ கேம் வளர்ந்த கதை

திருமலையில் ஹாத்திராம் பாவாஜி என்ற வடநாட்டு அடியார் வேங்கடவனோடு பகடை ஆடினார் என்பது சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பிறந்தவர்கள் கேட்டு வளர்ந்த கதை. அவர் பெயரால் விளங்கும் மடமே 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலை நிர்வகித்தது. ஆட்டம் என்றால் ஆண்டவனுக்கும் ஆசை வரும் என்று சொன்ன மண் இது. ஆனால் அந்நாளைய தாயமும் பல்லாங்குழியும் ஆடுபுலியும் திண்ணையில் ஆடப்பட்டவை. ஆடுகிறவர் இருவர், வேடிக்கை பார்ப்பவர் நால்வர், "போதும், எழுந்து வா" என்று அதட்ட ஒரு பாட்டி. அந்தத் திண்ணை எப்படி ஒருவர் உள்ளங்கைக்குள் அடங்கிற்று என்பதை இக்கட்டுரை சுருக்கமாகப் பார்க்கிறது.

வாடகைக்கு வந்த விளையாட்டு

அமெரிக்காவில் 1972-இல் அட்டாரி நிறுவனத்தின் 'பாங்', ஜப்பானில் 1978-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்று காசு போட்டு ஆடும் பெட்டிகள் முதலில் பரவின. 1983-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்ற கருவியை வெளியிட்டு, ஆட்டத்தை வீட்டு டிவிக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்போது இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் கடுமை. நம் ஊர்களில் டிவியே தெருவுக்கு ஒன்றிரண்டுதான்.

1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறந்த பிறகு, ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள் கடைத்தெருவுக்கு வந்தன. பிள்ளைகள் அவற்றை 'டிவி கேம்' என்றார்கள். செருகுகிற பெட்டிக்குக் 'கேசட்' என்று பெயர். மாரியோவும் கான்ட்ராவும் அப்படி அறிமுகமானவை. சொந்தமாக வாங்கியவர் சிலரே. மற்றவர்கள் அந்த வீட்டுப் பையனோடு சிநேகம் பிடித்தார்கள், அல்லது கடையில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடினார்கள். 2000-ஐ ஒட்டி பிரௌசிங் சென்டர்கள் வந்தபோதும் இதே கதைதான். கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட உட்கார்ந்த கல்லூரிப் பையன்கள், "அண்ணா, இன்னும் அஞ்சு நிமிஷம்ணா" என்று கெஞ்சினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணக்கார நாடுகளில் குடும்பங்கள் கருவியை வாங்கின; நாம் நேரத்தை வாங்கினோம். வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடியப் படம் பார்த்த அதே பழக்கம்தான் இது. கையில் காசு குறைவாக இருந்தபடியால் ஆட்டம் கூட்டாகவே நடந்தது. அதற்கு ஓர் அளவும் தானாக அமைந்தது. கடைக்காரரின் கடிகாரம், அப்பா செய்தி பார்க்கும் நேரம், கரண்ட் கட் என்று ஏதாவது ஒன்று ஆட்டத்தை நிறுத்திவிடும்.

கைப்பேசி செய்த மாற்றம்

இந்த அளவை உடைத்தது கைப்பேசி. 2003-இல் வந்த நோக்கியா 1100-இல் பாம்பு விளையாட்டு இலவசமாகவே இருந்தது. நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே, 2015 ஆகஸ்டில், அன்றைய சித்தூர் மாவட்டத்தின் ஸ்ரீசிட்டியில் (2022 முதல் அது திருப்பதி மாவட்டம்) ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷியோமி ஸ்மார்ட்போன்கள் உருவாகத் தொடங்கின. அவற்றைப் பொருத்திய கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள். அக்கா ஷிஃப்டில் செய்வதைத் தம்பி திண்ணையில் ஆடும் காலம் வந்துவிட்டது.

2016 செப்டம்பர் 5-இல் ஜியோ சேவை தொடங்கி, டேட்டா விலை சரிந்தது. 2018-இல் பப்ஜி மொபைல் வந்தது. கம்ப்யூட்டர் வாங்காத வீட்டுப் பிள்ளையும் நூறு பேர் மோதும் களத்தில் இறங்கினான். எல்லைப் பதற்றத்தை ஒட்டி 2020 செப்டம்பர் 2-இல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. 2021-இல் அது வேறு பெயரில் திரும்பி வந்தது. கருவி சொந்தமானது, நேரம் இலவசமானது. ஆனால் "போதும்" என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

சட்டம் வரைந்த கோடு

முன்பு ஆட நாம் காசு கொடுத்தோம். பிறகு ஆட்டமே நம் காசைத் தேடி வந்தது. ஆந்திரப் பிரதேச அரசு தொடர்ந்த வழக்கொன்றில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அந்த நிழலில் ஆன்லைன் ரம்மி வளர்ந்தது. 2020 செப்டம்பரில் ஆந்திர அரசு 1974-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தைத் திருத்திப் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்தது. தமிழ்நாடு 2022-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது என்று விதியும் வகுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களைத் தடுத்து, இ-ஸ்போர்ட்ஸை ஏற்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

அன்று பாட்டியும் கடைக்காரரும் பார்த்த வேலையை அரசு கையில் எடுக்க நேர்ந்திருக்கிறது. ஆனாலும் சட்டம் பணத்தைத்தான் தடுக்க முடியும். இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் எரியும் வெளிச்சத்தை அணைக்க அதனால் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்ததை நாம் அலட்சியம் செய்யலாகாது. அதற்காக ஆடுகிற பிள்ளைகள் எல்லாரையும் நோயாளிகளாகப் பார்ப்பதும் தவறு.

நாம் செய்யக்கூடியது

1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. விஜயபுரமும் நகரியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. அன்றிலிருந்து வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு என்று வாழ்கிற நமக்குப் பிள்ளைகளின் ஓய்வு நேரம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. பாட்டியின் பேச்சு காதில் விழுகிற நேரமும் அதுதான்.

இதற்கு வீடியோ கேம் பகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கனடாவின் டொரான்டோவிலிருந்து 2023-இல் 'வெண்பா' என்றொரு கேம் வெளிவந்தது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம். கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லியும் புட்டும் செய்யும் தாய். தமிழை விட்டு மெல்ல விலகும் மகன் கவின். கதை இவ்வளவே. அதற்கு 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. கவின் நம் வீட்டுப் பிள்ளை மாதிரியே இருக்கிறான்.

கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதைவிட, ஆட்டத்தை மறுபடி நடுக்கூடத்துக்குக் கொண்டுவருவது நல்லது. பெரிய டிவியில் போட்டு, பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, நாமும் ஒரு கை ஆடலாம். நேரம் ஆனதும் "போதும், எழுந்து வா" என்று சொல்லும் உரிமை, கூட உட்கார்ந்து ஆடியவருக்கு நிச்சயம் உண்டு.