குடும்பத்தோடு அமர்ந்த குகைக்கோயில்

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு முதலிய இடங்களில் வாழ்வோர் விடுமுறை நாட்களில் மனைவி மக்களுடன் மாமல்லபுரக் குகைகளைக் காணச் செல்லுதல் நெடுநாளைய வழக்கமாம். முற்காலத்தார் பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்றனர். இக்காலத்தார் திருவான்மியூரைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்கின்றனர். வழி மாறினும் கட்டுச்சோறும் சிறார் ஆரவாரமும் மாறினவல்ல.

மாமல்லபுரத்திற்கு வடக்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவில், சாளுவன்குப்பத்தில் புலிக்குகை உள்ளது. அது புலி வாழ்ந்த குகையன்று. ஒரு பாறையின் முகத்தைக் குடைந்து சமைத்த சிறு மண்டபம். அதனைச் சூழ்ந்து விளங்கும் தலைகளும் யாளித் தலைகளேயாம். சிறார் அவற்றைக் கண்டு களிப்பர். பெரியோர் நிழலில் உண்டு இளைப்பாறுவர். பின்னர்ப் பலரும் அவ்வளவோடு மீள்வர்.

அவர்கள் காணாது மீளும் சிவாலயம் ஒன்று அதன் அண்மையிலேயே உளது. அதிரணசண்டேசுவரம் என்பது அதன் பெயர். அதிரணசண்டன் என்னும் பட்டம் பூண்ட பல்லவ மன்னன் அதனைக் குடைவித்தான். அவன், கச்சிக் கயிலாயநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்மனே என்பர் அறிஞர் பலர். கருவறையில் இலிங்கமும், அதன் பின்சுவரில் சோமாஸ்கந்த மூர்த்தமும் உள்ளன. ஐயன் ஒருபால் அமர, அம்மை மடியில் குழவியாய்க் கந்தன் விளங்குகின்றான்.

மண்டபத்தின் இருபுறச் சுவர்களிலும் வடமொழிச் சுலோகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருபுறம் பல்லவ கிரந்தம், மறுபுறம் நாகரி. அவற்றுள் ஒன்றில், பசுபதி மலைமகளோடும் குகனோடும் கணங்களோடும் இவ்வாலயத்தில் என்றும் மகிழ்ந்து உறைக என மன்னன் வேண்டுகின்றான். இறைவன் குடும்பத்தோடு வந்து தங்குதற்கே அப்பாறை குடையப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

பிறப்பிலியாகிய பெருமானுக்குக் குடும்பம் ஏது எனின், அது அவன்பொருட்டன்று; உயிர்கள்பொருட்டேயாம். அவன் அருளால் மேற்கொள்ளும் போகவடிவம், யோகவடிவம், வேகவடிவம் என்னும் மூன்றனுள், உமையொடு கூடிய இஃது போகவடிவம். இல்வாழ்வார் இன்புறுதலும் அவனருளாலேயே ஆம் என்பதை அது காட்டி நிற்கின்றது.

2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலைக்குப்பின் அவ்வூர்ப் பாறையொன்றில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றின் வழியே 2005-இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, மணலுள் மறைந்திருந்த பழைய முருகன் கோயில் ஒன்று காணப்பட்டது. ஆங்குக் கல்வேல் ஒன்றும் உளது. தந்தையும் தாயும் மைந்தனும் குகையில் வீற்றிருக்க, மைந்தனுக்குத் தனிக்கோயிலும் அயலிலே அமைந்திருந்தமை எண்ணுந்தோறும் இன்பம் பயப்பதாம்.

சுவரிலே தம் பெயரைக் கீறுவோரும், பாதுகையோடு கருவறை வாயிலில் நிற்போரும் தீயோரல்லர். அஃது இன்னதென அவர்க்கு எவரும் உரைத்திலர். ஆதலின், அங்குச் செல்லும் பெற்றோர் தம் மக்களைப் புலிக்குகையோடு நிறுத்தாது அதிரணசண்டேசுவரத்திற்கும் அழைத்துச் சென்று, "இவர் அப்பா, இவர் அம்மை, மடியில் இருப்பவன் முருகன்" என்று காட்டுவாராக. ஒருகணம் கைகூப்பி நிற்பின் மன்னன் வேண்டுகோள் அன்றும் நிறைவேறும். குடும்பத்தோடு சென்ற பயனும் கைகூடும்.