ஜல்லிப் பாதையில் சேர்ந்து போனவர்கள்

'கிராவல் பைக்'னு இப்போ தனி ரகமே விற்குது. கிராமத்து மண்பாதையில், ஜல்லிப்பாதையில் கூட்டமா சைக்கிள் ஓட்டுறதை நேத்து வந்த ஃபேஷன் மாதிரி பேசறாங்க. இதுக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு.

1919 மார்ச். வேல்ஸில் பனி மூடிக் கிடந்த பெர்வின் மலையை டபிள்யூ. எம். ராபின்சன் தோழர்களோடு சைக்கிளில் கடந்தார். 'வேஃபேரர்' என்ற புனைபெயரில் 'சைக்ளிங்' பத்திரிகையில் அதை எழுதினார். படிச்சவங்க பல பேருக்கு மலைப்பாதை மேல ஆசை வந்துடுச்சு.

1955-ல் இங்கிலாந்தின் லெம்ஸ்டர் ஊரில், பிளாக் ஸ்வான் என்ற மதுக்கடையில் சுமார் 40 பேர் கூடி 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' ஆரம்பிச்சாங்க. தார்ச்சாலையை விட்டு விலகணும், ஆனா தனியா இல்லை. பெயரிலேயே தோழமை இருக்கு பாருங்க. பந்தயம் கிடையாது. பழைய படங்களில் டை கட்டின ஆட்கள் சைக்கிளைத் தோளில் தூக்கி ஓடையைக் கடக்கிறாங்க, வழியில் உட்கார்ந்து டீ போடறாங்க. ஓட்டினது சாதாரண டூரிங் சைக்கிள்தான்! வேலியைத் தாண்ட ஒருத்தர் மேலேயிருந்து வாங்கணும், ஒருத்தர் கீழேயிருந்து கொடுக்கணும். கடைசி ஆள் வந்து சேரும்வரை முன்னால போனவர் நிக்கணும்.

2006-ல் கான்சாஸின் எம்போரியாவில் 34 பேரோடு தொடங்கிய 200 மைல் கிராவல் பந்தயம் இன்று பெரிய திருவிழா. அங்கே கடிகாரம் ஓடுது, யாரும் யாருக்காகவும் நிக்க வேண்டியதில்லை. எனக்கென்னவோ லெம்ஸ்டர்காரங்க வழிதான் பிடிச்சிருக்கு.

பெர்வின் கணவாயில் 1957-ல் வேஃபேரருக்கு ஒரு நினைவுக்கல் வெச்சாங்க. பக்கத்திலேயே ஒரு பெட்டியில் நோட்டுப் புத்தகம், கடந்து போறவங்க பேர் எழுத.